ஒன்பதே முக்காலுக்கு வரும் ஆவி

இருபது நிமிடக் குறும்படம் ஒன்றுக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். குடியை விட்டுத் தொண்ணூறு நாள் ஆன ஒரு ஆள். ராத்திரி தனியாக இருக்கும்போது வெள்ளைப் புடவையில் ஒரு மோகினி பாட்டிலோடு வருகிறாள். மூன்று தடவை மறுக்கிறான். கடைசியில் குலசாமி கோயில் அரிவாளை எடுத்து வெட்டுகிறான், அவள் புகையாகக் கரைந்துபோகிறாள். இதைச் சொல்லிவிட்டு, "குடியைப் பேயாகக் காட்டினால், நிஜத்தில் குடியை விட்டு மீண்டுகொண்டிருப்பவர்கள் மனம் புண்படுமா? மருத்துவரீதியாக இது தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மனம் புண்படுமா என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: படாது. ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. சபலம் வரும் அந்த நேரம் உண்மையில் எப்படி இருக்கும், அதைப் பேயாக்கினால் அந்த உண்மை படத்தில் மிஞ்சுமா என்பதுதான் அது. அதற்காகத்தான் நீளமாக எழுதுகிறேன்.

நான் மனநல சமூகப் பணியாளர். குடிநோய் சிகிச்சையில் பதினெட்டு வருடம் ஆகிறது. முதல் சில வருடம் ஒரு மருத்துவமனை வார்டில், பிறகு ஒரு மீட்பு மையத்தில். மருந்து எழுதும் டாக்டர் இல்லை. மருந்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் டாக்டர்கள் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியது. சினிமா தொழிலும் தெரியாது. காட்சி பற்றிச் சொல்லும் இடங்களில் ஒரு பார்வையாளன் பேசுவதாக எடுத்துக்கொள்ளுங்கள். குடியை விட்டவர்கள் பற்றிச் சொல்வதை மட்டும் தயங்காமல் சொல்வேன். ஆட்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பேய் என்ற உருவத்தை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. அவர்களே அப்படித்தான் பேசுவார்கள். "என்னமோ உள்ள புகுந்த மாதிரி இருந்துச்சு சார்", "காலு தானா கடைப் பக்கம் நடந்துச்சு", "நான் குடிக்கல, என்னைய ஏதோ குடிக்க வச்சிருச்சு". இதைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். தன் கையும் காலும் தன் பேச்சைக் கேட்காத அனுபவத்துக்கு நம் ஊரில் கிடைக்கும் வார்த்தை அதுதான். நம் மொழியில் ஆவி என்றால் கொதிக்கும் பானையிலிருந்து எழும்புவதும் ஆவி, செத்தவர் உலவுவதும் ஆவி. சாராயம் வடிப்பதே ஊறலைக் கொதிக்கவைத்து ஆவியைப் பிடித்துக் குளிரவைப்பதுதான். ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1961 ஜனவரியில், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனுக்கு எழுதிய கடிதத்தில் இதே விஷயத்தைத் தொட்டிருக்கிறார். ஆன்மாவுக்கும் மதுவுக்கும் லத்தீனில் ஒரே சொல் இருப்பதைச் சுட்டிக்காட்டி, மதுவின் ஆவியை ஆன்மாவின் ஆவியால்தான் எதிர்கொள்ள முடியும் என்ற பொருளில் எழுதினார். ஆகவே உங்கள் படத்தின் அடித்தளத்தில் கோளாறு இல்லை. எந்தப் பேய், எந்த நாளில் வருகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். ஏனென்றால் குடியை விடுகிறவனுக்கு இரண்டு பேய் வரும், இரண்டும் வேறு வேறு.

முதல் பேய் முதல் வாரத்தில் வருவது. இது உருவகம் இல்லை, கண்ணுக்கு நிஜமாகவே தெரியும். வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போய்விடும். சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். அப்புறம், கடைசியாகக் குடித்த 48 மணியிலிருந்து 96 மணி நேரத்துக்குள், ஒரு பகுதியினருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற நிலை வரும். எல்லோருக்கும் வராது. வந்தால் ஆள் எங்கே இருக்கிறோம், இன்று என்ன கிழமை என்பதையே இழந்துவிடுவார். எறும்பு ஊர்வதாகத் தட்டிவிடுவார், சுவரில் பாம்பு தெரியும், செத்துப்போன அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, மருத்துவப் பாடப்புத்தகத்தின் அடிப்படைப் பாடம்.

நான் பார்த்த ஒருவர் பஸ் கண்டக்டர். சேர்ந்த மூன்றாம் நாள் ராத்திரி, வார்டுக்குள் எழுந்து நின்று டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தார். இடது கையில் இல்லாத டிக்கெட் கட்டு, வலது கை கட்டை விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுக் கிழிக்கிறார். "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்கிறார். பக்கத்துக் கட்டில்காரரிடம் சில்லறை கேட்டுச் சண்டை. உடம்பெல்லாம் தொப்பலாக வியர்வை, நாடி தடதடவென்று ஓடுகிறது. சிஸ்டர் ஊசி போடப் பக்கத்தில் போனபோது அவர் உதட்டைக் குவித்து நீளமாக ஒரு விசில் அடித்தார், வண்டி நிற்கட்டும் என்று. தன் தொழிலையே வெறும் காற்றில் செய்வது இந்த நிலையில் அடிக்கடி காணப்படும் ஒன்று. ஆளை அமைதிப்படுத்தும் லோராசெபாம் வகை மருந்தும், தயாமின் என்கிற வைட்டமின் பி1 ஊசியும், சொட்டு நீரும், நான்கு நாளும் ஆயின அவர் திரும்பிவர. வந்த பிறகு அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

அவர் பிழைத்தார். இன்னொருவர் பிழைக்கவில்லை. விவசாயக் கூலி. கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். மூன்றாம் நாள் யாரோ கூரையில் உட்கார்ந்து கூப்பிடுவதாகக் கத்தியிருக்கிறார். "முனி அடிச்சிருச்சு" என்று வீட்டில் முடிவு கட்டி, ஒரு கோடாங்கியிடம் கொண்டுபோய் இரண்டு ராத்திரி உடுக்கையும் வேப்பிலையுமாக வைத்திருந்தார்கள். எங்களிடம் வந்தபோது வலிப்பு வந்து வந்து நினைவு இல்லை. காய்ச்சல் கொதித்தது. அன்று சாயங்காலமே போய்விட்டார். அந்த அம்மா என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "குடிச்சப்ப நல்லாத்தானேப்பா இருந்தான், விட்டதுக்கா செத்தான்?" அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. குடியை நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து வரலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. கார்த்திகை மாதம் மாலை போடும் முதல் வாரத்தில் எங்களிடம் வலிப்போடு வருகிறவர்களும் இப்படித்தான். நல்ல எண்ணத்தில் நிறுத்தியவர்கள். ஐயப்பனுக்கு மாலை போடுவதை நான் தடுக்க மாட்டேன். தினமும் காலையிலேயே குடிக்காமல் கை நிற்காத ஆள் என்றால், மாலை போடுவதற்கு முன்பு டாக்டரைப் பார்க்கச் சொல்வேன்.

இதனால்தான் உங்களிடம் ஒரு விஷயத்தில் கறாராக இருக்கிறேன். குடியை நிறுத்திய முதல் வாரத்தில் பேய் வருவதாகவும், பூசாரி விபூதி போட்டதும் அது ஓடிப்போவதாகவும் எந்தக் காட்சியும் வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் கருகி இறந்தார்கள். அந்த ஊர் தர்காவுக்கு வந்தால் பிடித்த பேய் விலகும் என்ற நம்பிக்கையில் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். உங்கள் படத்துக்கும் அதற்கும் நேரடியாகச் சம்பந்தம் இல்லை. ஆனாலும் நோயைப் பேயாகப் பார்க்கும் ஊரில் பேய்ப்படம் எடுக்கிறோம் என்கிற நினைப்பு உங்களுக்கு இருக்க வேண்டும். முதல் வாரத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்றால் அந்த அப்பா கட்டில் ஓரத்தில் வந்து உட்காரட்டும், தப்பில்லை. அடுத்த காட்சியில் கையில் ஊசி ஏறுவது தெரியட்டும்.

சரி, நீங்கள் எடுத்திருப்பது தொண்ணூறாம் நாள். இதுதான் இரண்டாவது பேய், உங்கள் படத்துக்கு உரியது. இந்தச் சமயத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, காதில் எதுவும் கேட்காது. உடம்பு தேறியிருக்கும், சோறு இறங்கும், கை நடுக்கம் நின்றிருக்கும். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்திருக்கும். அப்போதுதான் வரும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெர்ரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 1993-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: ஒன்றை ரசிப்பதும் ஒன்றுக்கு ஏங்குவதும் மூளையில் தனித்தனி வேலைகள். பழக்கம் முற்ற முற்ற ரசிப்பு தேய்ந்துவிடும், ஏக்கம் மட்டும் கூர்மையாகிக்கொண்டே போகும். என் அனுபவத்தில் இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைத்ததில்லை. கடைசி இரண்டு வருடம் குடியில் ஒரு சுகமும் இல்லை என்று சொல்லாத குடிநோயாளியே கிடையாது. ஆனாலும் குடித்தார்கள். எலிகளை வைத்து 2001-இல் செய்த ஆய்வில், கோகெய்ன் நிறுத்திய மறுநாளைவிட இரண்டு மாதம் கழித்துத்தான், முன்பு கோகெய்ன் கிடைக்கும்போது கூடவே வந்த விளக்கும் ஓசையும் எலியை அதிகமாக இழுத்தன. மனிதர்களில், அதுவும் குடியில், இது அப்படியே பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மூன்றாம் மாதத்தில் வழுக்கியவர்கள் எத்தனை பேர் என்பது எந்த மீட்பு மையத்தின் பழைய நோட்டைப் புரட்டினாலும் தெரியும்.

அந்தக் குரல் பயமுறுத்தாது. மோகினி மாதிரி சிரிக்காது. நியாயம் பேசும். "இத்தனை நாள் இருந்து காட்டிட்டோம்ல, நமக்குக் கட்டுப்பாடு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. கட்டுப்பாடு இருக்கிறவன் ஒருநாள் ஒரு கட்டிங் போட்டா என்ன?" என்று கேட்கும். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னது: "சார், அது என் குரல்லயே பேசுது, அதான் பிரச்சினை. வேற ஆளு குரல்னா அடையாளம் தெரிஞ்சிரும்." கவலை நாளில் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். போனஸ் கைக்கு வந்த நாள், மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய நாள், அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. சந்தோஷமான நாளில் வழுக்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அது நேராக "குடி" என்று சொல்வதும் குறைவு. அலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர், மீண்டும் குடிக்கு விழுவதைப் பற்றி 1985-இல் ஜூடித் கார்டனோடு சேர்ந்து வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார். பார்ப்பதற்குச் சம்பந்தமே இல்லாத சின்னச் சின்ன முடிவுகள் ஆளைக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். எங்கள் ஆள் ஒருவரின் கதை உப்பிலிருந்து தொடங்கியது. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது. தெருமுனையிலேயே அண்ணாச்சி கடை இருக்கிறது. இவர் வண்டியை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனார். அங்கே கல்லுப்பு நன்றாக இருக்குமாம். அந்தக் கடைக்கு இரண்டு கடை தள்ளித்தான் டாஸ்மாக். உப்பு வாங்கினார். ஐநூறு ரூபாய் நோட்டாகக் கொடுத்தார். சில்லறை இல்லை, பக்கத்தில் மாற்றிக்கொண்டு வாங்க என்றார் கடைக்காரர். ராத்திரி பதினோரு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது உப்புப் பொட்டலம் அவர் சட்டைப் பையில் இருந்தது, ஈரத்தில் கரைந்து. உங்கள் படம் பேயை எங்கே காட்ட வேண்டும் என்று என்னைக் கேட்டால், வண்டிச் சாவியை எடுக்கும் அந்த இடத்தில் என்பேன். பாட்டில் கைக்கு வந்த பிறகு அதற்கு வேலையே இல்லை.

இப்போது மோகினி. தயவுசெய்து அவளை எடுத்துவிடுங்கள். குடிநோயாளியின் வீட்டில் ஏற்கனவே எல்லாப் பழியும் ஒரு பெண் தலையில்தான் விழுகிறது. "அவ சரியில்ல, அதான் குடிக்கிறான்" என்று மாமியார் சொல்வார், ஊர் சொல்லும். சபலத்துக்கும் பெண் உருவம் கொடுத்தால் அந்தப் பேச்சுக்கு நீங்களும் ஒத்து ஊதுகிறீர்கள். அதோடு, அது உண்மையும் இல்லை. குடிக்குக் கூப்பிட வருவது யார் என்று எந்தக் கூட்டத்திலும் கேட்டுப்பாருங்கள், கூட்டாளி என்பார்கள்.

டாஸ்மாக் வாசலில் நின்று பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குவார்ட்டர் என்பது 180 மில்லி. முழுசாக வாங்கக் காசு போதாத ஆள், முன்பின் தெரியாத இன்னொருவரைப் பார்த்து "கட்டிங் சேர்றீங்களா?" என்று கேட்பார். இரண்டு பேர் பாதிப் பாதி காசு போட்டு, ஆளுக்கு 90 மில்லி. பிளாஸ்டிக் டம்ளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குனிந்து கண் மட்டத்தில் பார்த்து, சொட்டு கூடாமல் குறையாமல் ஊற்றுவார்கள். பெயர் கேட்க மாட்டார்கள். பல வருடம் இப்படியே கூட்டாளி ஆனவர்கள் உண்டு. அதில் ஒருவர் செத்துப்போவார். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோர்த்து, ரத்த வாந்தி எடுத்து. மற்றவர் அதைப் பார்த்துப் பயந்து எங்களிடம் வருவார். குடியை விட்டவர்களில் பலர் மனசில் இப்படி ஒரு செத்த கூட்டாளி உட்கார்ந்திருக்கிறார். கனவிலும் வருவார். குடியை விட்டவர்களுக்குக் குடிக்கிற மாதிரிக் கனவு வருவது மிகச் சாதாரணம், விழித்ததும் வாயை ஊதி மோந்து பார்த்துக்கொள்வார்கள். உங்கள் ஆவி அந்தக் கூட்டாளியாக இருக்கட்டும். அவனிடம் பாதிக் காசுதான் இருக்கிறது. உயிரோடு ஒருவன் சேர்ந்தால்தான் அவனுக்குக் குவார்ட்டர் கிடைக்கும். அவன் கெட்டவன் இல்லை, தாகத்தில் இருக்கிறான். "கட்டிங் சேர்றியா மாப்ள?" என்று மட்டும் கேட்கிறான்.

இதற்கு சினிமாவில் முன்னோடி உண்டு. 1921-இல் வெளிவந்த விக்டர் ஷோஸ்ட்ரமின் ஸ்வீடிஷ் மௌனப்படம், "தி ஃபாண்டம் கேரேஜ்". நோபல் பரிசு பெற்ற செல்மா லாகர்லாவின் நாவலை வைத்து எடுத்தது. வருடத்தின் கடைசி ராத்திரி, மணி பன்னிரண்டு அடிக்கும்போது சாகிறவன் அடுத்த ஒரு வருடம் சாவின் வண்டியை ஓட்ட வேண்டும். குடிகாரன் ஒருவனைத் தேடி அந்த வண்டி வருகிறது. ஓட்டிவருவது யார் என்றால், அவனைக் குடிக்குப் பழக்கிய அதே பழைய சிநேகிதன். ஆவியைக் காட்ட அவர்கள் செய்தது ஒரே பிலிமை மறுபடி மறுபடி ஓட்டி இரண்டு காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தது மட்டும்தான். உங்களிடம் கிராபிக்ஸுக்குக் காசு இல்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். நூறு வருடத்துக்கு முன்பு அவர்களிடமும் கிராபிக்ஸ் இல்லை.

அடுத்து நேரம். ஏக்கம் என்பது அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். அலையோடு சண்டை போடாமல் அதன் மேல் மிதந்திரு என்பதும் மார்லட் சொல்லிக்கொடுத்த முறைதான். பெரும்பாலும் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் தணிந்துவிடும் என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். இந்த நிமிடக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், கல்லில் எழுதியது இல்லை. ஏறியது இறங்கும் என்பது மட்டும் நிச்சயம். தமிழ்நாட்டில் கடை மூடுவது ராத்திரி பத்து மணிக்கு. உங்கள் படம் இருபது நிமிடம். ஒன்பது நாற்பதுக்கு ஆரம்பித்து பத்து மணிக்கு ஷட்டர் இறங்குவதோடு முடியுங்கள், படத்தின் நேரமும் கதையின் நேரமும் ஒன்றாக ஓடட்டும். மீட்பில் இருக்கும் ஒருவருக்கு அந்த இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்று பார்க்கிறவன் உட்கார்ந்த இடத்திலேயே உணர்வான். ஒன்பதே முக்காலுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கட்டும். அது போதும்.

அந்த இருபது நிமிடத்தில் கதாநாயகன் என்ன செய்வான் என்றால், போன் செய்வான். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் நகரில் மேஃப்ளவர் என்ற ஹோட்டலின் முன்கூடத்தில் பில் வில்சன் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம். வந்த தொழில் காரியம் கைகூடவில்லை, தெரியாத ஊர், தனிமை. ஒரு பக்கம் பார், உள்ளே பேச்சும் சிரிப்பும். இன்னொரு பக்கம் தொலைபேசியும், அந்த ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும். அவர் தொலைபேசிப் பக்கம் போனார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நான் பேச எனக்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். அந்த ஜூன் 10-ஆம் தேதி டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தார், அதையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். நம் ஊர் ஏஏ கூட்டங்களிலும் புதிதாக வருகிறவர் கையில் முதலில் கொடுப்பது ஒரு துண்டுத்தாள், அதில் நாலைந்து போன் நம்பர். உங்கள் கதாநாயகன் கூப்பிடும்போது முதல் நம்பர் எடுக்கக் கூடாது. இரண்டாவது சுவிட்ச் ஆஃப். மூன்றாவது ஆள் எடுத்து, பெரிதாக ஒன்றும் சொல்லாமல், "சாப்ட்டியா?" என்று கேட்கட்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கும்தான் ஆளைக் கவிழ்ப்பவை, அதில் முதலில் கேட்பது பசியைத்தான்.

அரிவாளைப் பற்றி. குலசாமியைப் படத்தில் கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் இல்லை. கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொண்டு அதோடு விட்டவர்களை நேரில் தெரியும். கயிறை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுக் குடித்தவர்களையும் தெரியும். யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் வழி என்னிடம் இல்லை. ஆனால் சாமி எப்போதும் மீட்கிற பக்கமே நிற்கும் என்று வைத்துவிட்டீர்கள், அங்கேதான் ஒரு பெரிய காட்சியைத் தவறவிடுகிறீர்கள். தென்மாவட்டங்களில் சுடலைமாடனுக்குக் கொடை என்கிற கோயில் திருவிழா என்றால் படையலில் சுருட்டும் சாராயமும் இருக்கும். பூசை முடிந்ததும் அதுவும் பிரசாதம்தான். குடியை விட்டு ஏழு மாதம் ஆன ஒருவர் ஊர்க் கொடைக்குப் போனார். சாமி வந்து ஆடியது அவருடைய சொந்தப் பெரியப்பா. ஆடிக்கொண்டே வந்து, டம்ளரை நீட்டி, "குடிடா, நான் தர்றேன்" என்றார். உறவெல்லாம் சுற்றி நின்று பார்க்கிறது. வாங்காவிட்டால் சாமிக் குத்தம். இவர் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மாடன் பீடத்து அடியிலேயே ஊற்றிவிட்டு விழுந்து கும்பிட்டிருக்கிறார். "கையில பட்டது காயுற வரைக்கும் மோந்து பாக்கலாமானு இருந்துச்சு சார், மண்ணுல தேச்சுட்டேன்" என்றார். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அரிவாள் வெட்டைவிட அந்தக் கை மண்ணில் தேய்வதைக் காட்டலாம்.

வீட்டைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். ஆவி பேசுவதற்கு வேண்டிய வசனத்தை வீடே எடுத்துக்கொடுக்கும். "ஊது, பாக்கலாம்" என்று மனைவி தினமும் கேட்டிருப்பார். அவர் பட்ட பாட்டுக்கு அது நியாயம். ஆனால் ஒன்பதே முக்காலுக்கு ஆவி சொல்வது: "குடிச்சாலும் திட்டு, குடிக்காட்டியும் சந்தேகம், அப்புறம் எதுக்கு?" சில வீடுகளில் இதைவிட மோசம். டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை, அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிப்போகும். ஆளுக்குச் சொல்லி, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில் கொடுக்க வேண்டியது. அதைச் சாம்பாரில் கலந்துகொடுத்த வீடுகள் உண்டு. தெரியாமல் குடித்து உயிருக்குப் போராடியவரை நான் பார்த்திருக்கிறேன். பிழைத்த பிறகு அவர் வீட்டில் சாப்பிடவே பயந்தார். உங்கள் கதையில் மனைவி அழுதுகொண்டே மாத்திரையைக் கலக்கும் காட்சி இருப்பதாகத் தெரிகிறது. அன்பின் அடையாளமாக அதை வைக்காதீர்கள், பார்க்கும் வீடுகளில் செய்துபார்ப்பார்கள்.

பயமுறுத்தினால் குடியை விடுவார்களா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இது உண்மையிலேயே முடிவாகாத விஷயம். 1953-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸும் ஃபெஷ்பாக்கும், பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்வது பற்றி மூன்று விதமாகச் சொல்லிப்பார்த்தார்கள். மிகவும் பயங்கரமாகச் சொன்னதுதான் குறைவாகப் பலித்தது. பின்னால் வந்த ஆய்வுகள் பல, பயம் வேலை செய்யும் என்கின்றன, முக்கியமாகத் தப்பிக்கும் வழியையும் சேர்த்துச் சொல்லும்போது. நான் பார்த்த அளவில், ஈரல் அழுகிய படத்தைக் காட்டினால் குடிநோயாளி அன்று ராத்திரி பயத்தைப் போக்கவே குடிப்பார். ஆகவே பேய் எவ்வளவு வேண்டுமானாலும் பயமுறுத்தட்டும், கதவு ஒன்று திறந்திருக்கட்டும்.

படப்பிடிப்பில் கவனிக்க வேண்டியது கொஞ்சம். டம்ளரில் ஊற்றுவதை நெருக்கத்தில் காட்டாதீர்கள், அந்தக் களக் களக் சத்தத்தைத் தூக்கிக் கேட்கவிடாதீர்கள். மூடி திருகும் ஒலி ஒன்றே சிலருக்கு வாயில் எச்சில் ஊறவைக்கும். குடியை விட்ட ஒருவரை நடிக்கவைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் கையில் பழைய பிராந்தி பாட்டிலைக் கழுவிக் கடுங்காப்பி ஊற்றிக் கொடுக்க வேண்டாம், கழுவினாலும் வாசனை போகாது. புது பாட்டில் வாங்குங்கள். ராத்திரி ஷூட்டிங் முடிந்ததும் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், ஒருவர் வீடு வரைக்கும் போகட்டும். ஏஏ அமைப்பின் பெயரைப் பரிந்துரை மாதிரி போடாதீர்கள், உறுப்பினர்களின் முகத்தையும் காட்டாதீர்கள். பத்திரிகை, வானொலி, சினிமா எதிலும் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது அவர்களுடைய மரபு. முடிவில் எழுத்தாக 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும், டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணையும் போடுங்கள், இரண்டும் இலவசம். சும்மா ஓடவிடாமல் படித்து எழுதிக்கொள்ளும் நேரம் திரையில் நிற்கட்டும்.

முடிவை மட்டும் மாற்றிக்கொடுங்கள். ஆவி எரிய வேண்டாம், புகைய வேண்டாம். பத்து மணிக்கு எங்கோ ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்கிறது. கூட்டாளி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "சரி மாப்ள, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். இவன் பதில் சொல்லவில்லை. அலை இறங்கியதும் நல்ல பசி எடுக்கும் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுப்படியில் பானையில் தண்ணீர் ஊற்றிய சோறு இருக்கும். உப்பு போட்டு, ஒரு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, நின்றபடியே அவன் சாப்பிடுவதை வெட்டாமல் முழுசாக எடுங்கள்.